மாடியில் கேரட் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எழுபது பைகள், கொஞ்சம் பெயின்ட் வாளிகள், இரண்டு உடைந்த தண்ணீர்த் தொட்டிகள் இருக்கின்றன. வெண்டை, கத்தரி என்று வருடம் முழுக்க எது காய்த்தாலும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. தை மாதம் நாலு கேரட்டைப் பிடுங்கி, மண்ணோடு படம் எடுத்து அனுப்பினால் போதும், போன் வர ஆரம்பித்துவிடும். சித்தி மகள், எதிர்வீட்டு அண்ணன், கணவரின் ஆபீஸ் நண்பர்கள் என்று ஒவ்வொருவரும் ஒரே சந்தேகத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் கீழே சேர்த்திருக்கிறேன். கேரட்டில் தொடங்கினாலும் மற்ற காய்களும் வழியில் வரும்.

அக்கா, நம்ம ஊர் வெயில்ல கேரட் நிஜமாவே வருமா?

வரும். ஆனால் வருடத்துக்கு ஒரு முறைதான். கேரட் கிழங்கு நன்றாகத் திரள 15 முதல் 20 டிகிரி வரை வெப்பம் இருந்தால் அதற்குப் பிடிக்கும். ஊட்டியில் பகல் வெப்பமே பெரும்பாலும் அந்த அளவில்தான் நிற்கும். திருச்சியில் மார்கழி இரவில்கூட 20, 21 டிகிரி இருக்கும், பகலில் 29 வரை போகும். நமக்குக் குளிர்காலம் என்பது கேரட்டுக்குக் கோடைக்காலம் மாதிரி.

அதனால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். கடைக் கேரட் மாதிரி ஒரு சாண் நீளத்துக்கு வராது. ஒரு விரல் நீளம், ஒன்றரை விரல் தடிமன் வந்தால் அதுவே நல்ல விளைச்சல். நிறமும் ஒரு மாற்றுக் குறைவாக இருக்கும். சித்திரையில் விதைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே இலை தளதளவென்று நிற்கும், கீழே வெளுத்த நார் மாதிரி ஒரு வேர்தான் கிடைக்கும்.

அப்போ எந்த மாசம் விதைக்கணும்? ஆடிப்பட்டம்தானே?

ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டியவை கத்தரி, வெண்டை, அவரை, கொடிக் காய்கள். கேரட் அந்தக் கணக்கில் வராது. ஐப்பசிக் கடைசியிலிருந்து கார்த்திகை முடிவதற்குள் விதைத்துவிட வேண்டும். 90 முதல் 100 நாளில் எடுக்கலாம், அதாவது தை, மாசியில். மாசி தாண்டினால் வெயில் ஏறி, கிழங்கு நார் பிடித்துவிடும்.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அதே நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டும், கேரட் விதையை ஒரே இரவில் அடித்துக்கொண்டு போய்விடும். நவம்பர் கடைசி வரை பொறுத்திருங்கள், அல்லது சன்ஷேடு அடியில் விதைத்து, முளைத்து இரண்டு வாரம் ஆனதும் வெயிலுக்கு நகர்த்துங்கள். ஓசூரில் வயலிலேயே கேரட் போடுகிறார்கள், நீலகிரி, கொடைக்கானலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் இந்தப் பதிலைப் படிக்க வேண்டியதில்லை.

நான் இப்பதான் முதல்முறையா தோட்டம் போடறேன். கேரட்லயே ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். குழந்தைகள் கேட்கிறார்கள் என்று கேரட்டில் ஆரம்பித்து, இருபது நாள் வெறும் மண்ணைப் பார்த்துவிட்டு, பையை மூலையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். முதலில் தண்டுக்கீரை அல்லது சிறுகீரை போடுங்கள். மூன்று நாலு நாளில் முளைக்கும், ஒரு மாதத்தில் பறிக்கலாம். கிழங்கு வகைதான் வேண்டும் என்றால் முள்ளங்கி. 45 நாளில் கைக்கு வந்துவிடும். பூசா சேட்கி என்ற ரகம் வெயிலையும் தாங்கும். பறிக்க மறந்து பூத்துவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பிஞ்சுக் காயைப் பொரியல் செய்யலாம்.

முள்ளங்கி ஒரு தடவை ஒழுங்காக வந்துவிட்டால் உங்கள் கலவையும் தண்ணீர் ஊற்றும் கையும் சரி என்று அர்த்தம். அப்புறம் கேரட்டுக்கு வாருங்கள்.

பாக்கெட்ல வெறும் "கேரட்"னுதான் போட்டிருக்கு. எந்த விதை வாங்கறது?

ரகம் பெயர் இல்லாத பாக்கெட்டை வாங்காதீர்கள். கேரட்டில் பொதுவாக இரண்டு வம்சம். ஒன்று ஐரோப்பியக் குளிர் வகை, நாம் கடையில் பார்க்கும் ஆரஞ்சு நிற, உருண்டு நீண்ட நான்டிஸ் மாதிரி. இன்னொன்று வெப்பத்தை ஓரளவு தாங்கும் ஆசிய வகை. டில்லியில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூசா கேசர், பூசா மேகாலி, பூசா ருதிரா எல்லாம் இதில் சேரும். டில்லிப் பக்கம் அல்வா செய்யும் சிவப்புக் கேரட் இந்த வம்சம்தான். சமவெளி மாடிக்கு இரண்டாவது வகையே ஏற்றது.

ஆழமான பை இல்லையென்றால் பாரிஸ் மார்க்கெட் என்று ஒரு குட்டை ரகம் இருக்கிறது, எலுமிச்சை மாதிரி உருண்டையாக வரும். எந்த ரகமானாலும் பாக்கெட்டில் தேதியைப் பாருங்கள். கேரட் விதைக்கு ஆயுள் குறைவு. இரண்டு வருடம் அலமாரியில் கிடந்த விதையில் பாதி முளைத்தால் அதிர்ஷ்டம். ஒரு கிராமிலேயே எழுநூறு, எண்ணூறு விதை இருக்கும், பெரிய பாக்கெட் வேண்டாம். விதை ரோஸ் நிறத்தில் இருந்தால் பூஞ்சைமருந்து பூசியது என்று அர்த்தம். கையை நன்றாகக் கழுவுங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

எந்த சைஸ் பை? பழைய அரிசிச் சாக்கு போதாதா?

கேரட்டுக்கு ஆழம்தான் கணக்கு. 12 அங்குல ஆழம் இருந்தால் நிம்மதி, 9 அங்குலம் குறைந்தபட்சம். 12க்கு 12 அங்குலப் பையில் சுமார் 20 லிட்டர் கலவை பிடிக்கும், பதினைந்து கேரட் வளர்க்கலாம். கீரைக்கென்று விற்கும் அகலமான 8 அங்குலப் பையில் மேலே சொன்ன உருண்டை ரகம் மட்டும் வரும். பெயின்ட் வாளி அருமையான பாத்திரம். அடியில் நாலு, பக்கவாட்டில் அடியிலிருந்து ஒரு அங்குலம் மேலே நாலு என்று ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

அரிசிச் சாக்கு ஒரு போகம் தாங்கும். அடுத்த கோடையில் தூக்கினால் கையோடு பொடிப்பொடியாக வரும். தெர்மாகோல் மீன் பெட்டியும் அப்படித்தான், காற்றில் அதன் துகள் மாடி முழுக்கப் பறக்கும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு 12 முதல் 15 அங்குலப் பை, பாகல், புடலை, சுரைக்கு 18க்கும் மேல். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சின்னப் பையில் வைத்த சுரைக்கொடி பூத்துக்கொண்டே இருக்கும், காய்க்காது.

மண் கலவை எப்படி? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

எல்லோரும் சொல்வது கிட்டத்தட்ட ஒன்றுதான். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய தொழு உரம், மூன்றும் சம அளவு. ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கத்தரி, வெண்டை, தக்காளிக்கெல்லாம் இது போதும். கேரட்டுக்கு மட்டும் நார்க்கழிவை இரண்டு பங்காக்கி, செம்மண்ணைச் சலித்துப் போடுங்கள். ஆமாம், மாவு சலிக்கிற மாதிரி. ஏன் என்று இரட்டைக்கால் கேரட் கேள்வியில் சொல்கிறேன்.

நார்க்கழிவுக் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்ததும் அப்படியே கலக்காதீர்கள். அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றிப் பிழிந்து, பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். "எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன், செடி ஓரம் கருகுது" என்பவர்களில் பாதிப் பேர் இதை விட்டிருப்பார்கள்.

விதைச்சு பத்து நாள் ஆச்சு. ஒண்ணுகூட முளைக்கல.

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். பத்து நாள் என்பது கேரட்டுக்குச் சாதாரணம். ஒரு வாரத்தில் தலைகாட்டும் விதையும் உண்டு, இரண்டு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதும் உண்டு. மூன்று வாரம் தாண்டினால்தான் கவலைப்பட வேண்டும். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், விதை முளைவிடும் நேரத்தில் மேல்மண் ஒரு மதியம் காய்ந்திருக்கும். அரை சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் அந்தச் சின்ன முளை அன்றைக்கே செத்துவிடும். நீங்கள் மாலையில் தண்ணீர் ஊற்றி, மறுபடி பத்து நாள் காத்திருப்பீர்கள்.

நான் செய்வது இது. கலவையை முதலிலேயே நன்றாக நனைத்துவிட்டு, மேலே கோடு கிழித்து, விதையை மணலோடு கலந்து தூவி, சலித்த நார்க்கழிவை மேலாக ஒரு பூச்சு மாதிரி போடுவேன். அதன்மேல் நனைத்த சாக்குத்துணி. காலையும் மாலையும் சாக்கின் மேலேயே பூவாளியில் தெளிப்பேன். ஆறாம் நாளிலிருந்து தினம் தூக்கிப் பார்க்க வேண்டும். முதல் பச்சை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு வருடம் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் தாமதித்தேன். வெளுத்துப்போன முளைகள் சாக்கில் பின்னிக்கொண்டு, எடுக்கும்போது கூடவே வந்துவிட்டன.

எறும்பு விதையைத் தூக்கிப் போவதும் உண்டு. பையைச் சுற்றி மஞ்சள்தூள் கோடு போடுவதில் பலன் கொஞ்சம்தான். எறும்புப் புற்று எங்கே என்று பார்த்து, பையை அங்கிருந்து நகர்த்துவது மேல்.

ட்ரேயில நாத்து விட்டு, அப்புறம் பிடுங்கி நடலாமா?

கத்தரி, தக்காளி, மிளகாய்க்குச் செய்யுங்கள். கேரட்டுக்கும் முள்ளங்கிக்கும் கூடாது. நாம் சாப்பிடுவதே அதன் ஆணிவேரை. பிடுங்கும்போது நுனி ஒடிந்தாலோ மடங்கினாலோ கிழங்கு கோணலாகத்தான் வரும். பீட்ரூட் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். அதில் நாம் விதை என்று நினைக்கும் சொரசொரப்பான உருண்டை உண்மையில் பல விதைகள் சேர்ந்தது, ஒன்று போட்டால் மூன்று நாலு முளைக்கும். கூடுதலாக வந்ததைச் சின்னதிலேயே பிரித்து வேறு பையில் வைத்துப் பாருங்கள்.

நெருக்கமா முளைச்சிருக்கு. கலைக்க மனசு வரல.

எனக்கும் முதல் வருடம் வரவில்லை. அந்த வருடம் எடுத்ததெல்லாம் துடைப்பக்குச்சி. மூன்றாவது இலை வந்ததும் ஒன்றுக்கொன்று இரண்டு விரல் இடைவெளி, இன்னும் இரண்டு வாரம் கழித்து மூன்று விரல் இடைவெளி விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் ஆடும் என்பதால் கத்தரிக்கோலால் அடியோடு வெட்டுவேன்.

வெட்டியதைக் குப்பையில் போடாதீர்கள். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம் எல்லாம் கேரட்டுக்குச் சொந்தக்காரர்கள், ஒரே குடும்பம். இளம் இலையைக் கிள்ளி முகர்ந்தால் தெரியும். துவையலில் கொத்தமல்லியோடு பாதிக்குப் பாதி போடலாம்.

பிடுங்கினா ரெண்டு கால், மூணு கால் முளைச்சிருக்கு. சாமி குத்தமா?

இல்லை, கல் குத்தம். ஆணிவேர் கீழே போகும் வழியில் ஒரு கல்லோ கட்டிமண்ணோ மக்காத குச்சியோ இடித்தால் அது இரண்டாகப் பிரியும். அதற்குத்தான் மண்ணைச் சலிக்கச் சொன்னேன். மக்காத சாணம் போட்டாலும் இதே கதிதான். நாற்றுப் பிடுங்கி நட்டாலும் வரும்.

கால் பிரிந்ததோடு, வேரில் மணி மணியாக முடிச்சும் இருந்தால் அது வேறு விவகாரம், வேர்முடிச்சு நூற்புழு, மண்ணிலிருந்து வேருக்குள் புகும் கண்ணுக்குத் தெரியாத புழு. அந்தப் பையின் மண்ணை மற்ற பைகளோடு கலக்காதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மண்ணை நனைத்து, மெல்லிசாகப் பரப்பி, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடி நாலைந்து வாரம் வேகவிடுங்கள். அப்புறம் வேப்பம் புண்ணாக்கு கலந்து, அடுத்த போகத்துக்குச் செண்டுமல்லி வையுங்கள். தக்காளி, வெண்டை, கத்தரி வேண்டாம், அவையும் நூற்புழுவுக்கு விருந்துதான். இரட்டைக்கால் கேரட்டைச் சாப்பிடலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக. தோல் சீவுவதுதான் பெரும்பாடு.

இலை மட்டும் முட்டி உயரத்துக்கு நிக்குது. கீழே ஒண்ணுமே இல்லை. என்ன உரம் போடலாம்?

உரம் போட்டதால்தான் இப்படி ஆகியிருக்கும். யூரியாவோ, வாரம் தவறாமல் மீன் அமிலமோ (மீன் கழிவை வெல்லத்தில் ஊறவைத்த கரைசல்), கடலைப் புண்ணாக்குக் கரைசலோ ஊற்றினால் தழைச்சத்து ஏறி இலைதான் போகும். கிழங்கில் முடி மாதிரி சல்லிவேரும் வரும். கேரட் கலவையில் ஆரம்பத்தில் போட்ட மண்புழு உரமே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் இரண்டு தடவை கொஞ்சம் சாம்பல் தூவினால் சரி, அதில் சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம், இருக்கிறது. அதையும் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போடாதீர்கள்.

உரம் போடவில்லையென்றால் காரணம் மூன்றில் ஒன்று: பருவம் தவறியது, கலைக்காதது, நிழல். தினம் ஆறு மணி நேர வெயில் விழாத இடத்தில் கேரட் வைத்துப் பயனில்லை. அந்த இடத்தில் புதினா, பொன்னாங்கண்ணி வையுங்கள்.

கேரட் தலை பச்சையா இருக்கு, சிலது வெடிச்சிருக்கு.

வெயில் பட்ட தலை பச்சையாகும். மண்ணுக்கு மேலே எட்டிப் பார்க்கும்போதே கலவையை அணைத்து மூடுங்கள். பச்சைப் பகுதி கசக்கும், நறுக்கிப் போட்டால் போதும். வெடிப்பு வந்தால் தண்ணீர்தான் காரணம். நாலு நாள் காயவிட்டு ஒரே நாளில் வெள்ளமாக ஊற்றியிருப்பீர்கள், அல்லது மழை ஊற்றியிருக்கும்.

கேரட் தலையை வெட்டித் தண்ணில வெச்சா புதுக் கேரட் வருமாமே?

வராது. இலை வரும், விட்டால் பூவும் வரலாம். கிழங்கு என்பது அந்தச் செடி ஒருமுறை சேர்த்துவைத்த சேமிப்பு, வெட்டிய துண்டிலிருந்து இன்னொரு கிழங்கு திரளாது. ஜன்னலில் அழகாக இருக்கும், பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

விதை எடுப்பதும் நம் மாடியில் நடக்காத வேலை. ஐரோப்பிய வகை ஒரு வருடம் கிழங்கு விட்டு, நல்ல குளிரைப் பார்த்த பிறகுதான் அடுத்த வருடம் பூக்கும். திருச்சியில் அந்தக் குளிருக்கு எங்கே போவது?

தினம் எத்தனை லிட்டர் தண்ணி ஊத்தணும்?

லிட்டர் கணக்குச் சொல்ல மாட்டேன், சொன்னால் மழை பெய்த மறுநாளும் ஊற்றுவீர்கள். விரலை இரண்டு கணு உள்ளே விடுங்கள். ஈரமாக இருந்தால் திரும்பிப் போய்விடுங்கள். பையைச் சற்றே சாய்த்துப் பார்க்கும் பழக்கம் வந்தால் விரலும் வேண்டாம், கனத்திலேயே தெரிந்துவிடும். மார்கழியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்கூடப் போதும், கத்திரி வெயிலில் இரண்டு வேளையும் ஊற்ற வேண்டியிருக்கும். மேலே காய்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டால் ஒரு வேளை மிச்சமாகும்.

பைக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு வரும், வேரும் அழுகும்.

எங்க போர் தண்ணி உப்பு. ஆர்ஓ மிஷின்ல வெளியேறுற தண்ணியை ஊத்தலாமா?

வேண்டாம். ஆர்ஓ வெளியேற்றும் தண்ணீரில் போர் தண்ணீரைவிட உப்பு அதிகம். பார்க்கத் தெளிவாக இருப்பதால் நல்லது என்று நினைத்துவிடுகிறோம். அதை மாடி கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் அதற்கு நேர்மாறு, உப்பே இருக்காது, தாராளமாக ஊற்றலாம். அரிசி களைந்த தண்ணீரும் சரி, உப்புப் போடாமல் இருக்கும்வரை.

காய்கறிகளில் உப்பைத் துளியும் தாங்காதவற்றில் கேரட்டும் பீன்ஸும் முன்வரிசை. உங்கள் தண்ணீர் வாயில் விட்டாலே கரிக்கிறது என்றால் கேரட்டை விட்டுவிட்டு பீட்ரூட் போடுங்கள். அதன் காட்டு மூதாதை கடற்கரையோரச் செடி, உப்பு அதற்குப் பழக்கம். பருவமும் ஏறக்குறைய கேரட் பருவம்தான். எங்கள் நாத்தனார் வீட்டில் மூன்று வருடம் கேரட்டோடு போராடிவிட்டு பீட்ரூட்டுக்கு மாறினார், இப்போது அவர்தான் எனக்குப் படம் அனுப்புகிறார்.

மாடி தாங்குமா? ஒழுகிடாதா?

இதைச் செடி வாங்கும் முன்பே கேட்க வேண்டும். ஆட்கள் ஏறிப் புழங்கும் கான்கிரீட் மாடியைப் பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் பாரம் என்ற கணக்கில் வடிவமைக்கிறார்கள். மேலே சொன்ன நார்க்கழிவுக் கலவையில், நனைந்த 20 லிட்டர்ப் பை சுமார் 20 கிலோ வரும். ஒரு சதுர மீட்டரில் ஏழு பை வைத்தால் 140 கிலோ. அதையே வெறும் தோட்டத்து மண்ணால் நிரப்பினால் பை ஒன்று 30 கிலோவுக்கு மேல் போகும், ஏழும் சேர்ந்து 200 கிலோவைத் தாண்டிவிடும். அதனால்தான் மாடியில் வெறும் மண் கூடாது என்கிறோம். கனமான தொட்டிகளைச் சுவரும் உத்தரமும் வரும் ஓரங்களில் வையுங்கள். மரச்சட்டமும் செங்கலும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் பொறியாளரைக் கேட்காமல் ஒரு பைகூட ஏற்றாதீர்கள்.

ஒழுகுவது செடியால் அல்ல, தேங்கும் ஈரத்தால். பையைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் அல்லது இரும்பு ஸ்டாண்டின் மேல் வைத்தால் அடியில் காற்று போகும், கூட்டவும் முடியும். தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் இலை அடைக்காமல் பாருங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், முதல் கத்தரிக்காயும் அவருக்கே போகட்டும்.

மே மாசம் என்னதான் போடறது? எல்லாம் காயுது.

வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை. கத்தரியும் தாக்குப்பிடிக்கும். தக்காளி பூக்கும், ஆனால் பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுங்கினால் மகரந்தம் கெட்டுப் பூ கொட்டிவிடும். அதற்குத் தேமோர்க் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்தது) அடித்தாலும் வெயில் குறையப்போவதில்லை. பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை நிழல்வலை கட்டினால் செடி பிழைக்கும், காய் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மார்கழியில் அந்த வலையைக் கழற்ற மறந்துவிடாதீர்கள்.

சுரை, பூசணி பூக்குது, பிஞ்சு மஞ்சளாகி விழுந்திடுது. என்ன மருந்து?

மருந்து தேவையில்லை, தேனீ வராததுதான் காரணம். இவற்றில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. பெண்பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும், ஆண்பூவுக்கு வெறும் காம்பு. மூன்றாவது மாடிக்குத் தேனீ எப்போதாவதுதான் வரும். ஆண்பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். பூசணிக்குக் காலை ஏழு மணிக்குள். சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும், அதனால் அதற்கு மாலையில். காலையில் போய்ச் சுரைப்பூவோடு மல்லாடிவிட்டு "நீங்க சொன்னது பலிக்கல" என்றவர் உண்டு. கொடி ஏறி முதல் இரண்டு வாரம் ஆண்பூ மட்டுமே வந்தால் பயப்பட வேண்டாம், அது வழக்கம்.

கொடி அவரை எட்டு மாசமா இலை விட்டுக்கிட்டே இருக்கு, பூவே இல்லை.

எப்போது விதைத்தீர்கள்? தையில் என்றால் பதில் அதிலேயே இருக்கிறது. நம் நாட்டுக் கொடி அவரை பகல் நேரம் குறையும் காலத்தில்தான் பூக்கும். தையில் விதைத்தாலும் ஆடியில் விதைத்தாலும் அது ஐப்பசி, கார்த்திகைக்குத்தான் பூக்கும். ஆடியில் விதைத்தவர் ஆறு மாதத் தண்ணீரை மிச்சம் பிடித்தார். வருடம் முழுக்கக் காய் வேண்டும் என்றால் செடி அவரை போடுங்கள்.

தக்காளி அடியில கறுப்பா அழுகுது. முட்டை ஓடு போட்டும் கேக்கல.

காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் வருவது. ஆனால் மண்ணில் அந்தச் சத்து இல்லை என்று அர்த்தமில்லை. தண்ணீர் சீராகக் கிடைக்காவிட்டால் வேரால் அதை மேலே அனுப்ப முடியாது. கேரட் வெடிப்பும் இதுவும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். முட்டை ஓடு மக்கிக் கரைய மாதக்கணக்கில் ஆகும், இந்தப் போகத்துக்கு உதவாது. தண்ணீரை ஒழுங்குபடுத்துங்கள், அடுத்த கொத்து நன்றாக வரும்.

மாவுப்பூச்சி, வெள்ளை ஈ. கெமிக்கல் இல்லாம விரட்ட முடியுமா?

ஆரம்பத்திலேயே பார்த்தால் முடியும். மாவுப்பூச்சிக்கு முதலில் தண்ணீர்க் குழாயை அழுத்திப் பீய்ச்சி அடியுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், நன்றாகக் குலுக்கி இலையின் அடிப்பக்கம் படும்படி மாலையில் தெளியுங்கள். ஐந்து நாளுக்கு ஒரு முறை, மூன்று தடவை. எறும்பு அதைத் தூக்கிவந்து வளர்க்கும், எறும்பு ஏறும் வழியையும் அடைக்க வேண்டும். கிளை முழுக்க அப்பியிருந்தால் வெட்டி, பாலித்தீன் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

வெள்ளை ஈ விஷயத்தில் கொஞ்சம் கல்மனசு வேண்டும். அது வெண்டையில் மஞ்சள் நரம்பையும் தக்காளியில் இலைச் சுருட்டையும் பரப்பும். இரண்டும் வைரஸ், வந்த செடிக்கு எதை அடித்தாலும் குணமாகாது. அன்றைக்கே பிடுங்கிவிட்டால் பக்கத்துச் செடியாவது மிஞ்சும்.

எல்லாம் சேர்த்து லாபமா?

கேரட்டில் இல்லை. ஒரு பையில் முக்கால் கிலோ எடுத்தால் பெரிய விஷயம். பை, நார்க்கழிவு, உரம் என்று அதற்குப் போட்ட பணத்தில் திருச்சி காந்தி மார்க்கெட்டில் பல கிலோ ஊட்டிக் கேரட் வாங்கலாம், அதுவும் பார்க்க அழகாக. கீரை, கொத்தமல்லி, புதினா, பச்சைமிளகாய், கறிவேப்பிலை வைத்தால் ஒரு வருடத்தில் போட்டது திரும்பும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளை (பை, விதை, உரம் எல்லாம் அடங்கிய தொகுப்பு) கிடைத்தால் இன்னும் சீக்கிரம்.

ருசியைக் கேட்டால், மாடிக் கேரட் ஊட்டிக் கேரட்டைவிட இனிப்பு என்று பொய் சொல்ல மாட்டேன். குளிர்தான் கேரட்டுக்கு இனிப்பைத் தருவது. நம்முடையதில் வாசனை தூக்கலாக, லேசான காரமாக இருக்கும். சாம்பாரில் போட்டால் தனியாகத் தெரியும். எங்கள் வீட்டில் அதைச் சமைக்க விடுவதே இல்லை, கழுவியதும் காலியாகிவிடும்.

கேரட் எடுத்த பையில அடுத்து என்ன? திரும்பவும் கேரட் போடலாமா?

மறுபடியும் கேரட் வேண்டாம், கொத்தமல்லியும் வேண்டாம், அவர்கள் ஒரே குடும்பம் என்று மேலேயே சொன்னேன். கலவையைக் கொட்டிக் கிளறி, வேர்த்துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, இரண்டு கைப்பிடி மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்த்து ஒரு வாரம் ஆறப்போடுங்கள். முடிச்சு இருந்த மண்ணை மட்டும் வெயில் வைத்தியத்துக்கு ஒதுக்கிவையுங்கள். அதற்குள் மாசி பிறந்திருக்கும். நான் கொத்தவரை விதையை இரவு ஊறவைத்து, காலையில் பைக்கு மூன்றாக ஊன்றிவிடுவேன்.